மூட்டை வாயில் தடவவும்

கூத்தலூருணியில் உளுந்து மூட்டைகள் பேச ஆரம்பித்த வருஷம் பேச்சியம்மாளின் மகள் சுபிக்ஷாவுக்கு இரண்டரை வயது முடிந்திருந்தது, அதுவரைக்கும் அந்தப் பிள்ளை வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. காது நன்றாகக் கேட்கும், விளாத்திகுளம் பஸ் ஹாரன் அடித்தால் வாசலுக்கு ஓடிவரும், சிரிக்கும், அழும், பிடிக்காத சோற்றைத் தட்டிவிடும், வேண்டியதைக் கை நீட்டிக் காட்டி வாங்கிக்கொள்ளும், அம்மா என்று மட்டும் சொல்லாது. ஆஸ்பத்திரியில் நாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, நீங்கள் பிள்ளையிடம் பேசிக்கொண்டே இருங்கள், அதுவும் பேசிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு மருந்துதான் பேச்சியம்மாளிடம் இல்லாதது.

பேர் வைத்தவர்கள் ஆள் மாறி வைத்துவிட்டார்கள் என்று குழாயடியில் சொல்வார்கள். பேச்சியம்மாள் கடைக்குப் போனால் கடைக்காரர் தானாக என்ன வேண்டும் என்று கேட்கிற வரைக்கும் தூணோடு தூணாக நிற்பாள். ஒரு தடவை பஸ்ஸில் ஆள் இறங்கணும் என்று சொல்ல வெட்கப்பட்டு அடுத்த ஊர் வரைக்கும் போய், இடுப்பில் பிள்ளையோடு மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தவள் அவள். மகளிர் குழுவில் பதினோரு பேர். விதை உளுந்து வைத்திருக்கிற பழைய பால் சொசைட்டி கட்டடத்துச் சாவியை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது பத்துப் பேர் முடியாது என்று சொல்லிவிட்டார்கள், பேச்சியம்மாளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை, சாவி அவள் கைக்கு வந்துவிட்டது.

அந்தச் சாவியோடு பயமும் வந்தது. முந்தின வருஷம் தை மாசம் கட்டிவைத்த விதையைப் புரட்டாசி மழைக்கு அவிழ்த்தபோது உள்ளே உளுந்து இல்லை, உளுந்து மாதிரி ஓட்டைகள் இருந்தன. உப்புக்கல் போல ஒரு வெள்ளைப் புள்ளி பருப்பின் மேல் ஒட்டியிருக்கும், அதுதான் வண்டு முட்டை. ஒரு மாசத்தில் அந்த இடத்தில் வட்டமாக ஒரு துளை, துளைக்குள்ளிருந்து ஒரு வண்டு, அந்த வண்டு இன்னும் நூறு புள்ளி வைக்கும். அந்த வருஷம் பதினோரு வீட்டுக் குறுக்கமும், வீட்டுக்கு ஒரு ஏக்கர், தரிசாகக் கிடந்தது, பேச்சியம்மாளின் புருஷன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனான். இந்த வருஷ விதையை ஆளுக்குப் பத்துக் கிலோ வெளியூரில் கடன் வாங்கிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், இதுவும் போய்விட்டால் அவன் அங்கேயே இருந்துவிடுவான்.

மாசி மாசம் விவசாய ஆபீஸிலிருந்து பயிற்சி கொடுக்க ஷகிலா மேடம் வந்தார்கள். கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேசையில் வைத்து, "இதுதான் வசம்பு எண்ணெய்" என்றார்கள். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

"அது பேர் சொல்லாதது மேடம்," என்றாள் குழுத் தலைவி லூர்தம்மாள். "எங்க ஊர்ல அது பேரச் சொல்ல மாட்டோம்."

"பேரச் சொல்லாம எப்படிம்மா பயிற்சி கொடுக்கிறது?"

"பிள்ளை வளர்ப்பான்னு சொல்லுங்க."

"சரி. பிள்ளை வளர்ப்பான் எண்ணெய்," என்று மேடம் மறுபடி ஆரம்பித்தார்கள். இதன் வாடைக்கு வண்டு மயங்கும், முட்டை பொரியாது, மருந்து மாத்திரை எதுவும் வேண்டாம், விதையைத் தொட்ட கையைப் பிள்ளை வாயில் வைத்தாலும் பயமில்லை, இதே மாதிரி தைலமர எண்ணெய் உண்டு, எலுமிச்சைப் புல் எண்ணெய் உண்டு, நொச்சியிலும் எடுக்கிறார்கள். பாட்டிலில் மறக்காமல் இருக்க பட்டையாக எழுதினார்கள்: மூட்டை வாயில் தடவவும். எவ்வளவு, எத்தனை தரம், தடவியபின் எத்தனை நாள் இறுக்கிக் கட்டிப்போட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தபோது பஸ் ஹாரன் கேட்டது, அதை விட்டால் சாயங்காலம்தான், மேடம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அவர்களுக்குப் பின்னால் சுபிக்ஷாவும் வாசல் வரைக்கும் ஓடியது.

போன் நம்பர் இருந்தது. பேச்சியம்மாள் இரண்டு தடவை அடித்தாள், இரண்டு தடவையும் அந்தப் பக்கம் ஹலோ என்றதும் வெட்கப்பட்டு வைத்துவிட்டாள்.

ஆகவே அவளுக்குத் தெரிந்த மாதிரி செய்தாள். பிள்ளை வளர்ப்பானை வாயில் தடவுவது எப்படி என்று பிள்ளை பெற்றவளுக்குத் தெரியாதா? செவ்வாயும் வெள்ளியும் காலையில் குளிக்கவைத்து, துவட்டி, ஒற்றை விரலால் தொட்டு, நாக்கில் ஒரு இழுப்பு. பேச்சு திருத்தமாக வரும் என்று சுபிக்ஷாவுக்கு இரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், பலன்தான் இல்லை. அதே கையால் செவ்வாயும் வெள்ளியும் பதினோரு சாக்கையும் ஈரத்துணியால் துடைத்து, கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் ஒற்றை விரலால் ஒரு இழுப்பு இழுத்து மறுபடி கட்டினாள். ஒவ்வொன்றும் பத்துக் கிலோ, ஒரு குறுக்கத்துக்கான விதை. ஒன்றை எடுத்து இடுப்பில் வைத்தால் சுபிக்ஷா கனம்தான் இருக்கும்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஓரத்து மூட்டை ங்கா என்றது.

பேச்சியம்மாள் சாவியை மடியில் செருகிக்கொண்டு லூர்தம்மாள் வீட்டுக்குப் போய் நின்றாள். அவளாக வந்து நிற்கிறாள் என்றதுமே லூர்தம்மாள் அடுப்பை அணைத்துவிட்டாள்.

"எக்கா, மூட்டை ங்காங்குது."

"எந்த மூட்டை?"

"எங்க மூட்டை."

"எண்ணெய் ஒழுங்காத் தடவினியா?"

"தடவினேன்."

"அப்ப சொல்லத்தான செய்யும்," என்று லூர்தம்மாள் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

பங்குனி பிறப்பதற்குள் பதினொன்றும் ங்கா என்றன, சித்திரையில் அத்தை என்றன, தண்ணி என்றன, அப்புறம் மடமடவென்று பேச்சு வந்துவிட்டது. ஊரில் யாரும் இதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. சாக்குக்கு வயிறு இருக்கிறது, தூக்குவதற்கு இரண்டு காது இருக்கிறது, வாய் இருக்கிறது, இத்தனை நாளும் வாய் வாய் என்று நாம்தானே சொல்லிக்கொண்டிருந்தோம், அந்த வாயில் மருந்தைத் தடவினால் அது பேசாமல் என்ன செய்யும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஊரைச் சங்கடப்படுத்திய விஷயம் வேறு. மூட்டைகளிடம் உன் பேர் என்ன என்று கேட்டால் மேலே நீல மையில் எழுதியிருந்த பேரைச் சொல்லின. நிலம் யார் பேரில் இருக்கிறதோ அந்தப் பேரைத்தான் எழுதியிருந்தார்கள். "நான் சூசைமரியான்" என்றது ஒன்று. "நான் கொம்பையா" என்றது ஒன்று. "நான் தவசிமுத்து" என்று ஓரத்து மூட்டை கணீரென்று சொன்னபோது, கல்யாணம் ஆகி நாலு வருஷத்தில் அந்தப் பேரை ஒரு தரம்கூட வாயால் சொல்லியிராத பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

"எம் புருஷன் பேர என் முன்னாலயே சொல்லுதே, இத எப்படிக் கூப்பிட?" என்றாள் கொம்பையாவின் மனைவி செல்லத்தாய். கடைசியில் எல்லா மூட்டையையும் கண்ணு என்று கூப்பிடுவதென்று குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள்.

அந்தக் கண்ணுகள் என்ன நேரமும் கூப்பிட்டன. வெயில் ஏற ஏற உள்ளே வண்டு எழும்பும், எழும்பினதும் ஒரு மூட்டை, "அம்மா, கடிக்குது" என்று சிணுங்கும்.

அந்தச் சத்தத்தை முதல் தரம் கேட்டபோது பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா என்று சொன்னது அவள் மூட்டைதான், அவளைப் பார்த்துத்தான். இடுப்பிலிருந்த சுபிக்ஷா விரலைச் சூப்பிக்கொண்டு மூட்டையைப் பார்த்தது. வேறு வழியில்லை, பதில் சொல்லியாக வேண்டும், கட்டடத்தில் வேறு ஆளும் இல்லை.

"எங்க கண்ணு கடிக்குது?" என்றாள்.

"இடுப்புல."

சாக்கின் நடுப்பகுதியில் கைவிட்டுத் துழாவினாள். ஒரே ஒரு வண்டு. எடுத்து வெளியே போட்டாள்.

"போயிருச்சா?"

"போயிருச்சும்மா."

அன்றிலிருந்து அவளுக்கு வாய் ஓயவில்லை. முதுகில் கடிக்கிறது, காதுக்குப் பக்கத்தில் ஊர்கிறது, இங்கே யாரோ புள்ளி வைக்கிறார்கள் என்று பதினோரு பக்கமும் கூப்பாடு, இந்தா வந்துட்டேன், நீ சும்மா இரு, உனக்கு இப்பத்தான எடுத்தேன், வயித்துலயா, மேலயா கீழயா, அழாத கண்ணு, அந்த வண்டுப் பயல என்ன செய்யுறேன் பாரு என்று அவள் காலையிலிருந்து பேசினாள், பேசிப் பேசித் தொண்டை கட்டி, வெந்நீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பேசினாள். சுபிக்ஷா ஓரத்து மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். கூரையிலிருந்து விழும் பல்லிக்கும் வண்டுக்கும் அந்தக் கட்டடத்தில் அப்புறம் வேலையே இல்லாமல் போய்விட்டது.

ஊரும் தன் பங்குக்கு ஆகவேண்டியதைச் செய்தது. அங்கன்வாடி டீச்சர் மாசம் ஒரு தரம் தொட்டில் தராசைக் கொண்டுவந்து பதினொன்றையும் எடை பார்த்து, ஒன்றும் குறையவில்லை, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டார். வைகாசியில் பிள்ளையார் கோயில் முன்னால் பதினொன்றுக்கும் காதுகுத்து நடந்தது. இரண்டு காதிலும் கோணி ஊசியால் குத்திச் சிவப்பு நூல் கட்டினார்கள், மூட்டைகள் வீறிட்டன, மாமன்மார் மடியில் வைத்துச் சமாதானம் செய்தார்கள். செல்லத்தாயின் மூட்டை மட்டும் எந்நேரமும் இருமிக்கொண்டிருந்தது, என்ன கண்ணு என்று கேட்டதற்கு, "உள்ள மண்ணு கெடக்கு, எங்கம்மாதான் எடைக்குப் போட்டா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டது. செல்லத்தாய் சுளகை எடுத்துவந்து புடைத்துக் கொடுத்தாள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தைலமர எண்ணெயைத் தடவினார்கள், அவர்கள் மூட்டைகள் நாலு மாசமும் தும்மின, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூரிலிருந்து போன் வரும். ஆடி மாசத்து ஞாயிறு ஒன்றில் அவள் கட்டடத்துக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஓரத்து மூட்டை அம்மா என்று கூப்பிட்டது.

"ஏ புள்ள, பேசிட்டாளா?" என்றான் தவசிமுத்து. ரூமில் இருந்தவர்களையெல்லாம் சும்மா இருக்கச் சொன்னான். "சுபி பேசிட்டாளா?"

பேச்சியம்மாளுக்கு ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. சுபிக்ஷா மூட்டையின் காது நூலை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"இல்லைங்க. அது மூட்டை."

"எந்த மூட்டை?"

"உங்க பேரு போட்டது."



"சாப்பிட்டுச்சா?" என்றான்.

"அது வண்டு கடிக்காம இருந்தாப் போதுங்க. நீங்க சாப்பிட்டீகளா?" என்றாள். அவளாக அவனிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று அவன் ரூமில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டானாம்.

ஆவணியில் ஷகிலா மேடம் வந்தார்கள். சுற்றுப்பட்டியில் எல்லா ஊர் விதையும் துளை விழுந்துகிடக்க, இங்கே பதினோரு சாக்கிலும் கைநிறைய அள்ளிப் பார்த்தும் ஒரு துளைகூட இல்லை. மேடம் படிவத்தை எடுத்தார்கள்.

"எத்தனை மில்லி தடவினீங்க?"

"ஒரு விரல்," என்றாள் பேச்சியம்மாள்.

"எத்தனை நாளைக்கு ஒரு தரம்?"

"செவ்வாயும் வெள்ளியும். குளிக்கவச்சிட்டு."

"பக்க விளைவு ஏதாவது?"

"பேசுது."

மேடம் படிவத்தை மேலிருந்து கீழே வரைக்கும் தேடிப் பார்த்தார்கள். "அதுக்குக் கட்டம் இல்லையேம்மா," என்று கவலைப்பட்டுவிட்டு, மற்றவை என்று ஒரு இடம் இருந்ததைக் கண்டுபிடித்து அதில் எழுதிக்கொண்டார்கள். போகிறபோது லூர்தம்மாளின் மூட்டை, "பஸ்ஸு வருது, ஓடுங்க" என்றது. அன்றைக்கு மேடம் நிதானமாகவே பஸ் ஏறினார்கள்.

புரட்டாசி இரண்டாவது வாரம் மழை விழுந்தது. கரிசல் நிலம் குடித்து நிறைந்து பிசுபிசுத்து, விதையைக் கொண்டா என்று கிடந்தது. பிள்ளை மாதிரி வளர்த்தாலும் விதை விதைதான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் மூட்டையை இடுப்பில் எடுத்துப் போனார்கள். நெற்றியில் மஞ்சள் தடவி, கட்டை அவிழ்த்து, டிராக்டர் கீறிப்போன சாலில் கைப்பிடி கைப்பிடியாகப் போடப் போட மூட்டையின் குரல் மெலிந்துகொண்டே வரும், கடைசிப் பிடியில் பாதிச் சொல்லோடு நின்றுவிடும். செல்லத்தாயின் மூட்டை இருமலில் நின்றது. லூர்தம்மாளின் மூட்டை, மேல வரப்புல தண்ணி நிக்கி, பார்த்து நட, என்று புத்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நின்றது. லூர்தம்மாள் வெறும் சாக்கை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பேச்சியம்மாள் மட்டும் போகவில்லை. பத்துக் குறுக்கம் விதைத்தாயிற்று, அவளுடையது கறுப்பாகக் கிடந்தது. காலையில் கட்டடத்தைத் திறப்பாள், மூட்டைக்குப் பக்கத்தில் உட்காருவாள், அது அம்மா என்னும், ஓ என்பாள், மத்தியானம் பூட்டிவிட்டு வருவாள். மூன்று நாள் போயிற்று.

நாலாம் நாள் லூர்தம்மாள் வந்து நிலைப்படியில் நின்றாள். "ஏட்டி பேச்சி, ஈரம் காயுது."

"தெரியும்க்கா."

"இன்னும் ஒரு வெயில் தாங்காது. போன வருஷம் மாதிரி தரிசு போடப் போறியா? திருப்பூர்க்காரன் வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

"இதுதான்க்கா என்னை அம்மாங்குது," என்றாள் பேச்சியம்மாள்.

லூர்தம்மாள் பேச்சியம்மாளின் இடுப்பிலிருந்த சுபிக்ஷாவைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள். பதில் மூட்டைதான் சொன்னது.

"அம்மா, உள்ள எல்லாரும் முழிச்சிட்டாக."

"யாரு கண்ணு?"

"உள்ள இருக்கவுக. மழ வாடை வந்ததுலருந்து முண்டுதாக. எனக்கு வயிறு கொள்ளல. அவுத்துவிடும்மா."

"அவுத்துவிட்டா நீ பேசமாட்டியே."

மூட்டை யோசித்தது. "நான் நெறையப் பேசிட்டேன்மா," என்றது.

பேச்சியம்மாள் அதைக் கடைசியாக ஒரு தரம் ஈரத்துணியால் துடைத்தாள். வலது இடுப்பில் மூட்டையும் இடது இடுப்பில் பிள்ளையுமாகக் கரிசல்காட்டுக்கு நடந்தாள், இரண்டும் ஒரே கனம். டிராக்டர் முன்னால் கீறிக்கொண்டு போக, அவள் சாலுக்குள் இறங்கிக் கைப்பிடியாகப் போட்டாள். போடப் போடப் பேசிக்கொண்டே வந்தாள், இந்தா இது காலு, இது முதுகு, குளிருதா கண்ணு, மண்ணு வெதுவெதுன்னுதான் இருக்கு, பயப்படாத. ஆமாம்மா, வெதுவெதுன்னு இருக்கு என்றது மூட்டை. பாதி நிலத்தில் அதன் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆனது, முக்கால் நிலத்தில் காதைப் பக்கத்தில் வைத்தால்தான் கேட்டது. கடைசிப் பிடியை அள்ளியபோது அம் என்றது. கையை விரித்தாள். மிச்சத்தைக் காணோம்.

சாக்கு கையில் தொங்கியது. அதன் வாய் திறந்தபடி இருந்தது, காதில் சிவப்பு நூல் நனைந்திருந்தது. டிராக்டர்க்காரர் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். பதினோரு குறுக்கத்திலும் ஒரு சத்தமும் இல்லை.

"அம்மா, கடிக்குது."

பேச்சியம்மாள் குனிந்து சாக்கின் வாயை அகலமாக விரித்தாள். ஒன்றிரண்டு பருப்பு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் கூப்பிடுகிறது என்று நினைத்து உள்ளே கையை விட்டுத் துழாவிக்கொண்டே, ஐந்து மாசப் பழக்கத்தில், "எங்க கண்ணு கடிக்குது?" என்றாள்.

"இடுப்புல," என்றது இடது பக்கத்திலிருந்து.

அவள் சாக்கைக் கீழே போட்டாள். சுபிக்ஷாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அரைஞாண் கயிற்றுக்கு அடியில், பழுப்பாக, ஒரே ஒரு வண்டு. இரண்டு விரலால் எடுத்து வெளியே போட்டாள்.

"போயிருச்சா?" என்று கேட்டாள்.

"போயிருச்சும்மா," என்றது பிள்ளை, மூட்டையின் குரலிலேயே, மூட்டையின் சிணுங்கலோடேயே.

பேச்சியம்மாள் நிமிர்ந்தாள். நாலு காடு தள்ளி லூர்தம்மாள் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தாள், அதற்கும் அப்பால் செல்லத்தாய், அதற்கும் அப்பால் மற்ற பெண்கள், தூரத்தில் விளாத்திகுளம் பஸ் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கிற மாதிரி அவள் கத்தினாள்.

"எக்கா, என் புள்ளைக்குக் கடிக்குதாம்க்கா."

லூர்தம்மாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையை வாயருகில் குவித்தாள்.

"எங்கயாம்?"

"இடுப்புலயாம்," என்றாள் பேச்சியம்மாள்.